நாலு குளிர்கால ரயரும் ஒரு தேங்காயும்

1

புது ரப்பரின் மணம் எனக்குச் செல்வத்தின் மணம். மல்லிகைக்கு உருகுகிறவர்கள் உருகட்டும், மழை விழுந்த மண்ணுக்கு மயங்குகிறவர்கள் மயங்கட்டும். எனக்கு, இன்னும் தெருவைக் காணாத ரயரிலிருந்து எழும்பி மூக்கின் உச்சியில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கறுப்பு மணம் போதும்.

மோர்டனில் ஒரு பின்தெரு. கார் கழுவுகிற இடத்துக்கும் கோழி பொரிக்கிற கடைக்கும் நடுவில் யூட் அண்ணையின் ரயர் கடை. மார்கழி மத்தியானம் ஒன்றில் அதன் தகரக் கதவுக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். மணம் நெஞ்சில் கை வைத்து என்னை நிறுத்தியது. ஒரு கணம் நான் லண்டனில் இல்லை. பொருளாதாரத் தடைக்காலத்து யாழ்ப்பாணத்தில், அப்பாவின் கட்டிலுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

அங்கே ஒரு சைக்கிள் ரயர் இருந்தது. ஒன்றே ஒன்று. யாரோ எங்கிருந்தோ எப்படியோ கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தது. சுற்றிய கடுதாசி சுற்றியபடி. அப்பா அதைப் பூட்டவேயில்லை. ஓடுகிற ரயர் கிழிந்தபோது இன்னொரு கிழிந்த ரயரின் துண்டை உள்ளே வைத்துத் தைத்தார். அதுவும் போனபோது ட்யூப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தேங்காய்த் தும்பை அடைத்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பள்ளத்தில் விழுந்தால் முள்ளந்தண்டு நேரே மூளையோடு கதைக்கும். புது ரயர் மட்டும் கட்டிலுக்குக் கீழே, கருவில் இருக்கும் பிள்ளை மாதிரிச் சுருண்டு கிடந்தது.

"தேவைக்கு இருக்கட்டும்" என்பார். குண்டு விழுகிற ஊரில் இதைவிடப் பெரிய தேவை இனி என்ன வரும் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே ரயரைத் தெரிவு செய்வது என்ற செயலே எனக்குப் புதிது. எங்கள் ஊரில் ரயர் இருக்கும், அல்லது இராது. யூட் அண்ணையின் கடையிலோ கூரை முட்ட ரயர்.

"என்ன ரயர் தம்பி வேணும்?" என்றார்.

"நல்ல ரயர்."

"கலியாணத் தரகரிட்டப் போய் நல்ல மாப்பிளை வேணும் எண்டு கேக்கிற மாதிரிக் கேக்கிறியள்" என்றார் யூட் அண்ணை. "ஆருக்கு? எங்க ஓட?"

2

ஆருக்கு என்றால், மகளுக்கு. ஆரணி எங்கள் ஒரே பிள்ளை, இருபத்தைந்து வயது.

ஆறு வயதில் அவள் நாய் வேண்டும் என்று கேட்டாள். "பாப்பம்" என்றேன். இல்லை என்று சொல்லப் பயப்படுகிற தகப்பன்மாரின் சொல் அது. ஏழு வயதில் கேட்டாள், பாப்பம். பத்து வயதில் நாயின் சாப்பாட்டுச் செலவைக் கூட எழுதிக்கொண்டு வந்து கேட்டாள், பாப்பம். பதினைந்தில் கேட்பதை நிறுத்தினாள். வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பேசாமல் மிருக வைத்தியம் படிக்க விண்ணப்பம் போட்டாள்.

எங்கள் சனத்திடம் இதைச் சொல்ல ஒரு நுட்பம் வைத்திருந்தோம். "மகள் டொக்டருக்குப் படிக்கிறா." அந்த வசனத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஆருக்கு வைத்தியம் என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வெம்பிளியில் ஒரு சாமத்தியச் சடங்கு மண்டபத்தில் ஒரு அன்ரி தன் முழங்காலை நீட்டிக்கொண்டு வரும்வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

"பிள்ளை, ரெண்டு மாசமா நோகுது. ஒருக்காப் பார்."

ஆரணி குனிந்து, மரியாதையாக, நன்றாகவே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அன்ரி, நீங்கள் ஒரு செம்மறியா இருந்தா என்னெண்டு சொல்லியிருப்பன்."

நாங்கள் ஐஸ்கிறீமுக்கு நிற்காமல் வந்துவிட்டோம்.

இப்போது அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஸ்கொட்லாந்தின் வடக்கு மலைகளில். அந்த ஊரின் பெயரை நான் சொல்ல முயன்றால் தொண்டையில் மீன்முள் சிக்கினது போல ஒரு சத்தம் வருகிறது. மனிதரைவிட ஆடுகள் கூடுதல். பண்ணைகளுக்குப் போக அவர்கள் ஜீப் தருவார்களாம். ஆனால் அவள் எடுத்திருக்கும் வீடு ஒரு மலைச்சரிவில், ஒற்றைப் பாதையில். அங்கிருந்து மிருக ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போக சொந்தக் கார் வேண்டும்.

"சின்னனா, உயரமா, வடிவில்லாத பழைய கார் ஒண்டு இருந்தாக் காணும் அப்பா. அங்க எல்லாரும் அதுதான் ஓடுறவை."

தெளிவாகத்தான் சொன்னாள். நான் என்ன செய்தேன்? என் காரின் சாவியைக் கொடுத்தேன்.

என் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பதாவது வயதில், தலைமயிர் விடைபெற்றுக்கொண்டிருந்த நாட்களில் வாங்கியது. கறுப்பு. நீளம். தெருவோடு தெருவாக வயிறு தேய்த்துப் போகும் முதலை. அதற்குள் ஏறுவதில்லை, விழவேண்டும். இறங்குவதற்கு யாராவது கை தரவேண்டும். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசும்போது என் மனைவி வசந்தி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். கலியாண மண்டபத்து வாசலில் அது வந்து நிற்கும்போது மட்டும் திறந்துகொள்வாள்.

"டொக்டர் பிள்ளை பெட்டிக் காரில போறதோ? இதைக் கொண்டு போ" என்றேன்.

பாசம் என்றுதான் நானும் நினைத்தேன். பாதி பாசம். மீதி, அந்த மலைச் செம்மறிகள் எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைக்கும் என்ற கவலை.

ஆரணி சாவியைக் கையில் வைத்துப் பார்த்தாள். "அப்பா, இது பனியில ஓடாது. இட்'ல் ஜஸ்ட் ஸ்லைட்."

"ரயர் மாத்தினா ஓடும்" என்றேன், ஏதோ எனக்குத் தெரிந்தது போல.

3

புலம்பெயர்ந்த எங்களுக்குள் சாதி ஒழிந்துவிட்டது என்று மேடைகளில் சொல்கிறார்கள். அது எப்படியோ, புதிதாக ஒன்று பிறந்திருக்கிறது: பனிச் சாதி. கனடாக்காரர் உச்சியில். அதற்கு அடுத்தபடி நோர்வே, சுவிஸ். லண்டன்காரர் நாங்கள் வெறும் மழைக்காரர், பந்தியில் கடைசி வரிசை.

ரயர் விஷயத்தைப் போனில் இருக்கும் குடும்பக் குழுவில் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் தம்பி ரவி ஐந்து நிமிடத்துக்குள் குரல் அனுப்பினான். பின்னால் பனி வாருகிற சத்தம். வேண்டுமென்றே வெளியில் போய் நின்று பேசியிருக்கிறான்.

"அண்ணை, லண்டனில விழுறது ஸ்னோவோ? இஞ்ச நாங்கள் அதைப் பொடுகு எண்டு சொல்லுவம். தோளில தட்டிவிட்டுட்டுப் போங்கோ. இஞ்ச நவம்பருக்குள்ள ரயர் மாத்தாதவன்ர வீட்டில சம்பந்தம் செய்யமாட்டம்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. ஒரு விரல்கடை பனி விழுந்தால் இங்கே பள்ளிக்கூடம் மூடும், ரயில் நிற்கும், கடையில் பாணும் பாலும் முடியும். பனியே பார்த்திராத தேசம் போல, வருடா வருடம் முதல் தடவையாக ஆச்சரியப்படுகிற தேசம். கவுன்சிலின் உப்பு வண்டி பெரிய ரோட்டுக்கு மட்டும் வரும். எங்கள் தெருவை அது எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாத உறவினர் வீட்டைக் கடப்பதுபோல் கடந்துபோகும். மற்ற வாகனங்கள் எல்லாம் கோடைகால ரயரோடு சறுக்கி, ஒன்றையொன்று மெல்ல முத்தமிட்டு நிற்கும். மனிதர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள்.

ஐஸைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றே ஒன்று. வந்த புதிதில் குரோய்டனில், அகதி விண்ணப்பம் எடுக்கிற பெரிய கட்டடத்துக்கு வெளியே விடியற்காலை வரிசையில் நின்றேன். காலில் கொழும்பில் வாங்கின கன்வஸ் சப்பாத்து. ஓர் அடி முன்னால் வைத்தேன், இரண்டு காலும் வானத்தைப் பார்த்தன. கோப்பு திறந்து கடிதங்கள் எல்லாம் பனியில் பரவின. முழங்கால் உடைந்ததா என்று நான் பார்க்கவில்லை, பிறப்புச் சான்றிதழில் மை கரைகிறதா என்றுதான் பார்த்தேன். அன்றைக்கு விளங்கியது, காலுக்குக் கீழே பிடி இல்லாவிட்டால் மேலே இருப்பது எதுவும் உன்னுடையது இல்லை.

முப்பது வருடம் கழித்து என் பிள்ளையை அதே ஐஸுக்கு, அதைவிட வழுக்குகிற சப்பாத்தோடு அனுப்பப் பார்க்கிறேன்.

4

யூட் அண்ணை மன்னார்க்காரர். பதினாறு வருடம் நோர்வேயின் வடக்கு முனையில், குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊரில், மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டியவர். பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்கு வந்தார். பிள்ளைகள் படித்துப் போய்விட்டார்கள். அவர் பஞ்சர் ஒட்டுகிறார். கடைச் சுவரில் அந்தோனியார், அந்தோனியாருக்குக் கீழே காற்று அமுக்க அட்டவணை. இரண்டையும் ஒரே பயபக்தியோடு துடைத்து வைத்திருக்கிறார்.

நான் என் ஞானத்தை அவிழ்த்தேன். "கார் பின் சில்லில ஓடுறது அண்ணை. அப்ப பின்னுக்கு ரெண்டு போட்டாக் காணும்தானே?"

"பின் சில்லுத் தள்ளும். ஆர் திருப்புறது? ஆர் நிப்பாட்டுறது? வளைவில கார் நேர போகும். பிள்ளை ஸ்டியரிங்கைத் திருப்பிப்போட்டுப் புதினம் பாத்துக்கொண்டு போகவேண்டியதுதான். நாலும் போடவேணும். ஒரே இனம், ஒரே அளவு."

"இதில எல்லாக் காலத்துக்கும் எண்டு போட்டிருக்கே?"

"இஞ்ச ஓடுறதெண்டாக் காணும். பிள்ளை எங்க போறா?"

மீன்முள் சத்தத்தைச் செய்து காட்டினேன். யூட் அண்ணை விசிலடித்தார். "அப்ப அது வேண்டாம். அது ரெண்டும் கெட்டான்."

"ஆணி வச்ச ரயர்?"

"உறைஞ்ச ஆத்துக்கு மேலயோ வீடு? வெறும் தார் ரோட்டில ஆணியோட ஓடினா ரோட்டும் போகும், பிரேக்கும் பிடிக்காது. தம்பி, நீங்கள் கேக்கிறதை விட்டிட்டுப் பாக்கிறதைப் பாருங்கோ."

ஒரு ரயரை உருட்டிக்கொண்டு வந்து அதன் கன்னத்தைக் காட்டினார். மூன்று சிகரம் உள்ள மலை, நடுவில் ஒரு பனிப்பூ. "இந்தப் படம் இல்லாததைக் குளிர்கால ரயர் எண்டு ஆர் வித்தாலும் விலையைக் கேளாதேங்கோ." பிறகு என் கையைப் பிடித்து என் காரின் ரயரில் ஒருதரம், புதியதில் ஒருதரம் வைத்து அழுத்தினார். கடைக்குள் மூச்சு புகையாக வருகிற குளிர். என்னுடையது மரக்கட்டை. புதியது காதுச் சோணை போல மெத்தென்றிருந்தது.

"ஏழு டிகிரி" என்றார். "அதுக்குக் கீழ போனா உங்கட ரயர் விறைச்சுப் போகும். பனியே விழவேண்டாம், குளிர் காணும். இது விறைக்காது. ஆனா ஏழுக்கு மேல ஏறிட்டுதெண்டா இதைக் கழட்டி அதைப் போடவேணும். வெய்யிலில ஓடினா இது அழிரப்பர் மாதிரித் தேய்ஞ்சு முடியும்."

பிறகு அளவு. என் காரின் சில்லுகள் பெரியவை, பளபளப்பு, அவற்றைச் சுற்றி அகலமாய் மெல்லிசாய் ரப்பர். அதற்காகத்தான் அந்தக் காரையே வாங்கினேன் என்று சொன்னாலும் பிழையில்லை. யூட் அண்ணை குந்தியிருந்து அதை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது ரயரில்லை, இரும்புக்குக் கட்டின கறுப்பு ரிப்பன். ரெண்டு அங்குலம் சின்ன இரும்புச் சில்லு போடுவம். ரயர் ஒடுக்கமா, சுவர் உயரமா. ஒடுங்கின ரயர் பனியை வெட்டிக்கொண்டு கீழ போய் ரோட்டைப் பிடிக்கும். அகலமானது பனிக்கு மேல பாய் விரிச்சுப் படுக்கும்."

"வடிவிராதே அண்ணை."

"வடிவு பாக்கிறதெண்டாப் பிள்ளையை வெம்பிளிக்கு அனுப்புங்கோ."

பிரேக்குக்கு மேல் சின்னச் சில்லு கொள்ளுமா என்று அளந்து பார்த்தார். கொள்ளும். எழும்பப் போனவர் எழும்பாமல் காருக்கு அடியில் கையை விட்டார். உள்ளங்கையை நிமிர்த்தினார். விரல் நுனி காரின் வயிற்றில் முட்டியது.

"ஒண்டு சொல்லுறன் தம்பி. ரயர் பிடிக்கும். ஆனா பனி இந்த உயரத்துக்கு மேல வந்தா, கார் கரையேறின வள்ளம் மாதிரி வயித்தில இருக்கும். நாலு சில்லும் சும்மா சுத்தும். எந்த ரயரும் வயித்தை உயத்தித் தராது. ஆகக் குறைஞ்சது பாரம் ஏத்தாதேங்கோ."

"என்ன பாரம், ஒரு சூட்கேஸ்தான்" என்றேன்.

அவருக்கு வசந்தியைத் தெரியாது.

5

ரயர் மாற்றினால் காப்புறுதிக் கம்பெனிக்குச் சொல்லவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சொன்னேன்.

"வாகனத்தில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா?" என்றது அந்தப் பக்கத்துப் பெண்குரல்.

"குளிர்கால ரயர் போட்டிருக்கிறேன்."

"எதற்காக?"

"குளிர்காலம்."

நீண்ட தட்டச்சுச் சத்தம். அவளுடைய பட்டியலில் புகைபோக்கி மாற்றினவர்களுக்கு ஒரு பெட்டி இருந்தது. முதுகில் இறக்கை பூட்டினவர்களுக்கு ஒரு பெட்டி இருந்தது. கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டினவர்களுக்கும் இருந்தது. பனிக்குப் பயந்த தகப்பனுக்கு இல்லை.

"'மற்றவை' என்று போடட்டுமா?"

"போடுங்கள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாப் படிவத்திலும் நான் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. வாகனம் தாழ்த்தப்பட்டதா என்று கேட்டாள். பிறவியிலேயே அப்படி என்றேன். என்னைக் காத்திருப்பில் போட்டுவிட்டு வயலின் வாசிக்கவிட்டாள். வயலின் முடிய, குளிர்கால ரயர் ஒரு மாற்றமே இல்லை, சொல்லத் தேவையில்லை என்று மேலதிகாரி சொன்னதாகச் சொன்னாள். சொன்னதற்கு நன்றியும் சொன்னாள்.

6

கழற்றின நாலு கோடைச் சில்லுகளையும் யூட் அண்ணை பையில் சுற்றி, எது எந்தப் பக்கம் என்று சோக்கால் எழுதித் தந்தார். தோட்டத்துக் கொட்டிலுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. குளிர்கால ரயரைப் பற்றி யூட் அண்ணையும் சொல்லாத சிறப்பு: ஏழு டிகிரி தாண்டினதும் பிள்ளை வீட்டுக்கு வந்தாகவேண்டும். கோடை முடிய மறுபடி வரவேண்டும். வருடத்துக்கு இரண்டு தரம். நத்தார், பொங்கல், பிறந்தநாள் எதற்கும் வராவிட்டாலும் ரப்பரின் வேதியியல் அவளை இழுத்துக்கொண்டு வரும்.

வசந்தியிடம் போர்த்திட்டம் விளக்கும் தளபதி மாதிரிச் சொன்னேன்.

"உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றாள். "அங்க ரயர்க் கடை இல்லையோ?"

பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வருடம் ஆரணி இரண்டு கிழமைக்கு ஒருக்கா வந்தாள், தோய்க்கவேண்டிய ஊத்தை உடுப்பு மூட்டையோடு. பிறகு மாதத்துக்கு ஒருக்கா. பிறகு அந்த மூட்டை இல்லாமல், கையில் பூங்கொத்தோடு, விருந்தாளி மாதிரி. வசந்தி தமிழில் கேட்பாள், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் ஒரு ஆற்றின் இரண்டு கரையில் நின்று கையாட்டிக் கதைப்பதுபோல் இருக்கும். புதன்கிழமை யாரோ தோழியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "ஐ'ல் பி ஹோம் பை சண்டே." ஞாயிற்றுக்கிழமை அவள் நிற்கப்போவது அந்த மலைச்சரிவில். இன்னும் ஒரு இரவு கூடப் படுக்காத வீடு. நான் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். கலக்கிக்கொண்டேயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் கொட்டிலடிக்கு வந்தாள்.

"அப்பா, அந்த நாலு வீலையும் கார்ல ஏத்துங்கோ. அங்க ஒரு கராஜ் இருக்கு. அவையே மாத்தித் தருவினம்."

"இஞ்ச பத்திரமா இருக்கும் பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுவன்."

என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஒரு மிருகத்துக்கு எங்கே நோகிறது என்று தேடுகிறவளின் பார்வை.

"அப்பப்பா உங்கட சைக்கிளைப் பாத்துக்கொண்ட மாதிரியோ?"

என் அப்பாவின் அந்தக் கதையை நான்தான் அவளுக்குச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில், பகிடியாக, பல தடவை.

நான் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று அப்பா கட்டிலுக்குக் கீழிருந்து அந்தப் புது ரயரை எடுத்தார். கடுதாசியைப் பிரித்தார். என் சைக்கிளின் பின் சில்லுக்குப் பூட்டினார். அந்தத் தேவை வந்துவிட்டது. அவர் தும்பு ரயரில், நான் புது ரயரில், இரண்டு பேருமாகக் கிளாலிக் கரை வரைக்கும் மிதித்தோம். படகு ஏறுமுன் சைக்கிளை அவர் கையில் கொடுத்தேன். "ஆறு மாசத்தில வாறன் அப்பா. சைக்கிளைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றேன். ஒரு கையால் தன் சைக்கிளையும் மறு கையால் என்னுடையதையும் உருட்டிக்கொண்டு அவர் திரும்பிப் போனார்.

நிலத்தில் நின்றால் ரயர் கெட்டுவிடும் என்று கயிறு கட்டி முகட்டு வளையில் தொங்கவிட்டாராம். மாதம் ஒருக்காத் துடைத்தாராம். நான் திரும்பிப் போனபோது பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அப்பா இல்லை. சைக்கிள் தொங்கியது. பெருவிரலால் ரயரை அமத்தினேன், ரப்பர் பொரி மாதிரி உதிர்ந்தது. "ஒரே ஒரு நாள் ஓடின ரயர்!" என்று சொல்லித்தான் அந்தக் கதையை நான் எப்போதும் முடிப்பேன். ஆரம்பத்தில் ஆரணி சிரிப்பாள். எந்த வயதில் சிரிப்பதை நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

ரயரை விட்டுவிட்டுப் போகிறவன் எடுக்க வருவான் என்று நம்ப எவருக்கும் உரிமை இருக்கலாம். எனக்கு இல்லை. எதிர்ச் சாட்சியே நான்தான்.

நாலு சில்லையும் உருட்டிக்கொண்டு போனேன். இரண்டு டிக்கிக்குள், இரண்டு பின் ஆசனத்தில்.

7

சனிக்கிழமை காலை வசந்தி தன் பங்கைத் தொடங்கினாள்.

குத்தரிசி இரண்டு பை. ஐஸ்கிறீம் டப்பாக்களில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள். பனங்கிழங்கு ஒடியல் மா. உறைய வைத்த கணவாய்க் கறி, பழைய போர்வையில் சுற்றி. கிரைண்டர். பிரஷர் குக்கர். ஊறுகாய். மலையில் உப்புக் கிடைக்காதென்று உப்பு. பருத்தித்துறை வடை ஒரு தகரம். சில்லுகளின் நடு ஓட்டைக்குள்ளும் வெங்காயம் அடுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் கார் ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே போனது. முதலை இப்போது தண்ணீருக்குள் அமிழ்ந்த முதலை.

யூட் அண்ணை சொன்னதை நான் சொல்லவில்லை. சொன்னால் எதை இறக்குவது என்ற கேள்வி வரும்.

புது ரயருக்குப் பூசை வேண்டும் என்றாள். காருக்குத்தான் செய்தோமே என்றேன். "கார் ரோட்டில முட்டுதோ, ரயர் முட்டுதோ?" என்றாள். நாலு ரயருக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். தேங்காயின் மேல் கற்பூரத்தைக் கொளுத்தி காருக்கு முன்னால் நின்று சுற்றினாள். மூன்றாவது சுற்றில் கற்பூரம் விரலைச் சுட்டது. "ஐயோ" என்று விட்டாள். தேங்காய் விழுந்து, எங்கள் முற்றத்துச் சரிவில் உருண்டு, காருக்குக் கீழே போய், வயிற்றுக்கும் சீமெந்துக்கும் நடுவில் இறுகி நின்றது.

நான் நெஞ்சைச் சீமெந்தில் வைத்துப் படுத்துக் குடையால் குத்தினேன். அசையவில்லை. குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்த எதிர்வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். சில்லுக்கு முன்னால் எலுமிச்சம்பழம், காருக்குக் கீழே தேங்காய், தேங்காய்க்குப் பக்கத்தில் நான். கையை உயர்த்திக் காலை வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார்.

ஆரணி எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"யூட் அங்கிளுக்கு நான் போன் எடுத்தனான், எனக்கும் சொன்னவர்" என்றாள் மெல்ல. "தேங்காய் போகாத இடத்தால பனி எப்பிடி அப்பா போகும்?"

எழும்பினேன். டிக்கியைத் திறந்தேன். ஒரு பை அரிசியைத் தூக்கி வெளியே வைத்தேன்.

"என்னப்பா செய்யிறியள்?" வசந்தியின் குரல் ஏறியது. "பிள்ளை அங்க என்னத்தைத் தின்னுறது? அந்தச் சில்லுகளை இறக்குங்கோவன்!"

"அரிசி எங்கயும் வாங்கலாம். சில்லு அவளின்ர. கொண்டு போகட்டும்."

அதைச் சொன்னது என் வாய்தான். நேற்று வரைக்கும் அந்த நாலு சில்லையும் பிணையாகப் பிடித்துவைக்க நினைத்த அதே ஆள். இரண்டாவது பையை இறக்கினேன். கிரைண்டரை இறக்கினேன். வசந்தி பிரஷர் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று அழத் தொடங்கினாள். குடையால் குத்தினேன். தேங்காய் அசையவில்லை.

ஆரணி பின் கதவைத் திறந்தாள். ஒரு சில்லை இழுத்து இறக்கினாள். வெங்காயம் முற்றமெல்லாம் உருண்டது. சில்லை நிமிர்த்தி, வீட்டுப் பக்கத்து ஒடுங்கிய வழியால் கொட்டிலை நோக்கி உருட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தாள். இரண்டாவது. நான் உதவப் போனேன், "விடுங்கோ" என்றாள். மூன்றாவது. நாலாவதை அவள் தூக்கியபோது கார் ஒரு விரல் உயர்ந்தது. தேங்காய் தானாகவே புரண்டு, மறுபக்கத்தால் வெளியே வந்து தெருவோரம் நின்றது.

"அதுதான் பாரம்" என்றாள் ஆரணி, கையைத் துடைத்துக்கொண்டு. ஒரு பை அரிசியையும் மிளகாய்த்தூளையும் அவளே திருப்பி ஏற்றினாள். "இது காணும் அம்மா." வசந்தி மூக்கைத் துடைத்துவிட்டுத் தேங்காயை எடுத்துத் தெருவில் ஓங்கி அடித்தாள். இரண்டு பாதியாக, வெள்ளை வெளேரென்று பிளந்தது.

ஆரணி காருக்குள் விழுந்தாள். கண்ணாடியை இறக்கினாள். எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசிந்து புளி மணந்தது.

"புது ரயர். முதல் கொஞ்சத் தூரம் மெல்லப் போ" என்றேன்.

"ஓம் அப்பா."

"பிரேக்கை ஒரேயடியா அமத்தாதை."

"ஓம்."

"ஏழு டிகிரிக்கு மேல ஏறிட்டுதெண்டா இதில ஓடக்கூடாது. தெரியும்தானே?"

"தெரியும் அப்பா."

"அப்ப... ஏறினதும் வருவியோ? மாத்த?"

அவள் கியரைப் போட்டாள். முகத்தை என் பக்கம் திருப்பினாள். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடம் நான் அவளுக்குக் காட்டிய முகம்.

"பாப்பம்" என்றாள்.